மறைப்பணிக்கு அழைப்பா? முடிவெடுக்கும்போது சறுக்கும் இடங்கள்

தியானக் கூட்டம் முடிந்த அன்று இரவே எடுக்கும் முடிவுதான் பெரும்பாலும் முதல் தவறு. பாடல், மறையுரை, கண்ணீர், பாவசங்கீர்த்தனம் எல்லாம் முடிந்து மனம் லேசாக இருக்கும். "ஐடி வேலையை விட்டுவிட்டு வடகிழக்கில் மறைப்பணிக்குப் போகிறேன்" என்று தோன்றும். அந்த ஆசை பொய் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தம் "ஆன்மிகப் பயிற்சிகள்" நூலில் இரண்டு பக்கமும் எச்சரிக்கிறார். மனம் வறண்டு கிடக்கும்போது, முன்பு எடுத்த முடிவை மாற்றக் கூடாது. மனம் பொங்கும்போது, அவசரப்பட்டு வாக்குக் கொடுக்கக் கூடாது. முதலாவதை மறையுரைகளில் அடிக்கடி கேட்கிறோம். இரண்டாவது, பயிற்சி தருபவருக்கான குறிப்பு என்பதாலோ என்னவோ, அதிகம் காதில் விழுவதில்லை.

இஞ்ஞாசியாரின் தோழர் பிரான்சிஸ் சவேரியார் 1545-இல் நம் மயிலாப்பூருக்கு வந்தார். அதற்குள் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பணியாற்றிப் பழகிய மறைப்பணியாளர் அவர். இருந்தும், அடுத்து கிழக்கே தீவுகளுக்குப் போவதா என்று தெளிய, புனித தோமாவின் கல்லறையருகே ஏறக்குறைய நான்கு மாதம் தங்கிச் செபித்தார். அதன் பிறகுதான் மலாக்காவுக்குக் கப்பல் ஏறினார். சவேரியாருக்கே நான்கு மாதம் என்றால், சாந்தோம் ஆலயத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு மறுநாளே அடையாளம் கேட்பது கொஞ்சம் அதிகம்தான். கண்ணை மூடி பைபிளைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை வைத்து வாழ்க்கையை முடிவு செய்வதும் அப்படித்தான்.

தூரம் போனால்தான் மிஷன் என்று நினைப்பது இன்னொரு சறுக்கல். குழந்தை இயேசுவின் தெரேசா கார்மேல் மடத்துக்குள்ளேயே வாழ்ந்து 24 வயதில் இறந்தவர். 1927-இல் திருச்சபை அவரைச் சவேரியாருக்கு இணையாக மறைப்பணிகளின் பாதுகாவலராக அறிவித்தது. 2022-இல் புனிதரான தேவசகாயம் குருவும் அல்ல, துறவியும் அல்ல, மணமான பொதுநிலையினர். அதனால் ஆப்பிரிக்கக் கனவுக்கு முன்னால், சேத்துப்பட்டில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் நடத்தும் முதியோர் இல்லத்துக்கோ, உங்கள் பங்கு ஆலயத்தின் வின்சென்ட் தே பவுல் சபையோடு ஏழைகளை வீடு வீடாகச் சந்திக்கவோ, ஓராண்டு வாராவாரம் போய்ப் பாருங்கள். சில மாதங்களில் சலிப்பு வரும். செல்ஃபி எடுக்க ஒன்றும் இருக்காது. அதற்குப் பிறகும் போகிறீர்களா என்பதுதான் ஆன்ம வழிகாட்டி கேட்க விரும்பும் செய்தி.

அப்புறம் வீடு. "இவன் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துவிட்ட பிள்ளை" என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. அம்மாவின் பக்தியைக் குறை சொல்லவில்லை. ஆனால் நேர்ச்சை, செய்தவரை மட்டுமே கட்டும் என்பது திருச்சபைச் சட்டம். வாழ்க்கை நிலையைத் தேர்ந்துகொள்வதில் யாருடைய கட்டாயமும் இருக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. இதற்கு நேர் எதிராக, காதல் முறிந்ததற்கோ, டிஎன்பிஎஸ்சி தேர்வில் தோற்றதற்கோ மடத்தை மருந்தாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். காயம் முதலில் ஆறட்டும். ஆறிய பிறகும் ஆசை இருந்தால் அதைப் பற்றிப் பேசலாம்.

பணத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கல்விக் கடனையும் தங்கை கல்யாணக் கடனையும் அப்பா தலையில் போட்டுவிட்டு, "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று கிளம்புவது விசுவாசம் ஆகாது. தீர்க்க முடியாத கடன் உள்ள ஒருவரை நவதுறவகத்தில், அதாவது துறவற சபையின் தொடக்கப் பயிற்சியில், சேர்க்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே தடுக்கிறது. உடல்நலம், மனநலச் சிகிச்சை பற்றியும் மறைக்காதீர்கள். சேர்ப்பதற்கு முன் நலத்தையும் முதிர்ச்சியையும் பார்க்க வேண்டியது சபைத் தலைவர்களின் கடமை. மறைத்தால் பின்னால் உங்களுக்கே பாரம்.

மறைக்கல்வி வகுப்புக்கு வந்த சிஸ்டர் அன்பாகப் பேசினார் என்பதற்காக அந்தச் சபையையே தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. மறைமாவட்டக் குரு பொதுவாகத் தம் மறைமாவட்டத்துக்குள் பணி செய்பவர். வெளிநாடு வேண்டுமென்றால் அதற்கென உள்ள சபைகளை விசாரியுங்கள். இரண்டு மூன்று இடங்களில் தங்கிப் பாருங்கள். சரி, தேர்ந்தெடுத்தாயிற்று என்றாலும் உள்ளே போவது முடிவல்ல. நவதுறவகம் குறைந்தது 12 மாதம். அடுத்து தற்காலிக வார்த்தைப்பாடு, அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுக்கும் துறவற வாக்குறுதி, குறைந்தது 3 ஆண்டு. இந்தக் காலமெல்லாம் சபை உங்களைப் பார்ப்பதற்கும், நீங்கள் சபையைப் பார்ப்பதற்கும்தான். நவதுறவி எப்போது வேண்டுமானாலும் சுதந்திரமாக வெளியேறலாம்.

ஆனால் நம் பங்குகளில் திரும்பி வந்தவரை "மடத்தை விட்டு ஓடி வந்துட்டான்" என்றுதான் பேசுகிறார்கள். பெண்ணாக இருந்தால் பேச்சு இன்னும் மோசம். இந்தப் பயத்தாலேயே, பொருந்தவில்லை என்று தெரிந்தும் உள்ளேயே இருப்பவர்கள் உண்டு. அது அவர்களுக்கும் கேடு, அவர்களிடம் வரும் மக்களுக்கும் கேடு. சேரும் நாளன்றே தெருமுனையில் ஃபிளெக்ஸ் பேனர் கட்டி, மாலை போட்டு, ஊருக்கே விருந்து வைப்பதை நிறுத்தினால் இதில் பாதி குறையும். பேனரும் பிரியாணியும், வாழ்நாள் முழுமைக்குமான நித்திய வார்த்தைப்பாடு வரை காத்திருக்கலாம்.