மறுசினை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஆட்டைக் கறப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈன்று ஒன்றரை வருடமாகிறது. அதன்பிறகு கிடாவிடம் விடவே இல்லை. இன்றைக்கும் காலையில் பாத்திரத்தோடு போய் உட்கார்ந்தால் ஒரு லிட்டருக்குக் குறையாமல் கறக்கிறது. இப்படி ஓர் ஆட்டைப் பற்றிச் சொன்னால் ஆடு வளர்ப்பவர்களிலேயே பலர் நம்புவதில்லை. “பத்து மாதத்தில் வற்றிவிடுமே” என்பார்கள். அப்படி வற்றியே ஆகவேண்டும் என்பதில்லை. நல்ல கறவை இனத்து ஆடு சினையாகாமல் இருந்து, ஒழுங்காகக் கறக்கப்பட்டால் இரண்டு வருடம் பால் தருவது அபூர்வமல்ல. மூன்று, நான்கு வருடம் ஓயாமல் தந்த ஆடுகளும் உண்டு.

நான் இந்த முறையை விரும்புகிறவன். ஒரு பெட்டை ஆட்டின் வாழ்நாளில் மிக ஆபத்தான நாட்கள் ஈனுவதற்குச் சில வாரம் முன்னும் பின்னும் வருபவை. சினை நச்சு (சினையின் கடைசி வாரங்களில் உடலுக்குச் சக்தி போதாமல் வரும் நோய்), சுண்ணாம்புச் சத்து இறங்கிப் படுத்துவிடுவது, குட்டி குறுக்கே மாட்டிக்கொள்வது, நஞ்சுக்கொடி விழாமல் தங்குவது, ஈன்ற கையோடு வரும் மடிநோய் என்று எல்லாம் அந்தச் சிறிய இடைவெளிக்குள் குவிந்து கிடக்கின்றன. வருடந்தோறும் ஆட்டை அதற்குள் தள்ளாமல் இருக்கலாம். வைத்துக்கொள்ள இடமில்லாத கிடாக்குட்டிகளை என்ன செய்வது என்ற கவலையும் குறையும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஈத்து என்பது ஆட்டுக்குப் புதுக்கணக்கு. பால் சுரக்கும் செல்களில் பெரும்பகுதி சினைக்காலத்தின் பிற்பகுதியில்தான் மடியில் உருவாகிறது. ஈன்று 4 முதல் 8 வாரத்துக்குள் பால் உச்சத்தைத் தொடும். அதன்பின் அந்தச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழியத் தொடங்கும். வருடா வருடம் ஈனும் ஆட்டில் போன வருடத்து அசட்டை அடுத்த ஈத்தோடு பெரும்பாலும் மறைந்துபோகும். தொடர்ந்து கறக்கும் ஆட்டில் அந்தப் புதுக்கணக்கு இல்லை. மடியில் இருக்கும் செல்லைக் காப்பாற்றுவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

உச்சப் பாலைப் பார்த்து ஆட்டைத் தேர்ந்தெடுப்பது

முதல் தவறு இங்கே தொடங்குகிறது. இரண்டாம் மாதத்தில் 4 லிட்டர் கறந்த ஆட்டைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். அதே ஆடு எட்டாம் மாதத்தில் ஒரு லிட்டருக்கு இறங்கியிருந்தால், அது தொடர்கறவைக்கு ஏற்ற ஆடு அல்ல. பக்கத்தில் நிற்கும் இன்னொன்று 3 லிட்டரைத் தாண்டியதே இல்லை. ஆனால் எட்டாம் மாதத்திலும் 2 லிட்டருக்கு மேல் தருகிறது. நமக்கு வேண்டியது அதுதான். உயரத்தைவிட நிலைப்பு முக்கியம்.

சானென், டோகன்பர்க், ஆல்பைன் போன்ற இனங்களில் நிலைத்துப் பால் தரும் ஆடுகள் அதிகம். இறைச்சிக்காக வளர்க்கப்படும் இனங்கள் நான்கைந்து மாதத்தில் தானாக வற்றுவது இயல்பு. அவற்றை எவ்வளவு கவனித்தாலும் இரண்டு வருடம் இழுக்க முடியாது. முதல் ஈத்து ஆடுகளை ‘பால் குறைவு’ என்று ஒதுக்கிவிடுபவர்களும் உண்டு. முதல் ஈத்தில் உச்சம் தாழ்வாக இருக்கும், உண்மைதான். ஆனால் இறக்கமும் மெதுவாக இருக்கும்.

இதையெல்லாம் நினைவை வைத்துச் சொல்ல முடியாது. வாரத்துக்கு ஒருநாள், அதே கிழமையில், காலைப் பாலையும் மாலைப் பாலையும் தராசில் நிறுத்து எழுதுங்கள். நுரையோடு சேர்த்துக் கண்ணால் அளந்தால் கால் லிட்டர் பிழை எளிதாக வந்துவிடும். பின்னால் வரும் பல சிக்கல்களை முதலில் காட்டிக்கொடுப்பதும் இந்தக் குறிப்பேடுதான்.

பால் குறையும்போது கறவையைத் தளர்த்துவது

மிக அதிகமாக நடக்கும் தவறு இது. ‘மாலையில் அரை லிட்டர்தானே வருகிறது, இன்றைக்கு விட்டுவிடுவோம்’ என்று ஆரம்பிக்கும். ஒரு வாரத்தில் அந்த அரை லிட்டர் கால் லிட்டராகும்.

மடியில் பால் தேங்கினால் சுரப்பு குறையும். இது ஆட்டின் மனநிலையைப் பொறுத்ததோ, உடல் முழுக்க ஓடும் ஏதோ கட்டளையோ அல்ல. ஒரே ஆட்டின் மடியில் ஒரு பக்கத்தை மட்டும் கூடுதல் முறை கறந்து பார்த்த ஆய்வுகளில் அந்தப் பக்கம் மட்டும் பால் கூடியது. மறுபக்கம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு பக்கமும் தன்னிடம் தேங்கும் பாலைப் பொறுத்துத் தானே முடிவெடுக்கிறது. காலையில் ஒரு காம்பை அவசரமாக விட்டுவிட்டுப் போகிறவர்களின் ஆட்டில், சில மாதத்தில் மடி ஒருபக்கம் சிறுத்துப்போவது இதனால்தான்.

நாளுக்கு ஒருமுறை மட்டும் கறப்பது தவறா என்றால், இல்லை. பசுவைவிட ஆடு அதை நன்றாகத் தாங்கும். சுரந்த பாலில் பெரும்பகுதியைக் காம்புக்கு மேலுள்ள பெரிய பைபோன்ற இடத்தில் சேர்த்துவைத்துக்கொள்ளும் அமைப்பு ஆட்டின் மடிக்கு உண்டு. மொத்தப் பால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆனால் அது நாம் யோசித்து எடுத்த முடிவாக இருக்கவேண்டும், மெதுவாக மாறவேண்டும், மாறியபின் நேரம் தவறக் கூடாது. சில நாள் ஒருமுறை, சில நாள் இருமுறை, விடுமுறை நாளில் மதியம் என்று போவது மடிக்குத்தான் கேடு.

இதனோடு சேர்ந்த இன்னொன்று, பகல் சுருங்கும் காலத்து இறக்கத்தைப் பார்த்துப் பயந்துவிடுவது. பருவத்துக்குப் பருவம் பகலின் நீளம் நன்றாக மாறும் இடங்களில், பகல் குறையக் குறையப் பாலும் குறையும். அதை ‘முடிந்தது’ என்று எண்ணிக் கறவையை நிறுத்திவிடுகிறார்கள். பொறுத்திருந்து நேரம் தவறாமல் கறந்தால், பகல் நீளும்போது பெரும்பாலான ஆடுகளில் பால் மறுபடி ஏறும். கொட்டிலில் விளக்கு வைத்து 16 மணிநேர வெளிச்சம் கிடைக்கச் செய்தும் இறக்கத்தைக் குறைக்கலாம். மீதி எட்டு மணிநேரம் நல்ல இருட்டு வேண்டும். இரவெல்லாம் விளக்கெரித்தால் பயன் இல்லை.

இரண்டாம் வருடப் பால் முதல் வருடத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். அளவு குறையக் குறையக் கொழுப்பும் புரதமும் ஏறும். ஈனும் ஆட்டில் இரண்டு மாதம் பாலே இல்லாமல் போகும் வற்றுக்காலம் இங்கே இல்லை. முதல் வருட அளவோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து மனம் சோர்ந்து, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டைக் கைவிடாதீர்கள்.

உச்சகாலத் தீவனத்தையே தொடர்வது

மூன்று லிட்டர் கறந்தபோது கொடுத்த அடர்தீவனத்தை (தானியம், பிண்ணாக்கு போன்றவை) ஒன்றரை லிட்டர் கறக்கும்போதும் கொடுத்தால் மிச்சம் எங்கே போகும்? பாலுக்குப் போகாது. ஆடு கொழுப்பை முதலில் வயிற்றுக்குள்ளே, குடலைச் சுற்றியும் சிறுநீரகத்தைச் சுற்றியும் சேர்க்கும். வெளியே பார்த்தால் இடுப்பெலும்பு தெரியும். ‘இளைத்துத்தான் இருக்கிறது’ என்று இன்னும் ஒரு கை அள்ளிப் போடுவோம். உள்ளே கொழுப்பு ஏறிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட ஆடு பிற்பாடு கிடாவுக்கு விட்டால் எளிதில் சினை நிற்பதில்லை. நின்றாலும் கடைசி வாரங்களில் சினை நச்சு வரும் அபாயம் அதிகம். எந்த ஆபத்தைத் தவிர்க்க இந்த முறைக்கு வந்தோமோ, அதையே பெரிதாக்கி வைக்கிறோம்.

கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள். முதுகெலும்புக்கு இருபுறமும் இடுப்புக்கு முன்னால் அழுத்திப் பாருங்கள். முன்னங்கால்களுக்கு நடுவே, நெஞ்செலும்பின் மேல் உள்ள சதையைப் பிடித்துப் பாருங்கள். அங்கே கைநிறையக் கொழுப்பு அசைந்தால் அடர்தீவனத்தை இரண்டு வாரத்துக்குமேல் நேரம் எடுத்துப் படிப்படியாகக் குறைக்கவேண்டும். பசுந்தீவனமும் உலர்தீவனமும் வயிறு நிறையக் கிடைக்கட்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: தாது உப்பை மறந்துவிடுவது. ஆட்டுப்பாலில் லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து போகிறது. தினம் 2 லிட்டர் வீதம் இரண்டு வருடம் என்றால் 1460 லிட்டர். அத்தனைக்கும் ஆட்டின் எலும்பும் தீவனமும்தான் ஈடுகொடுக்கவேண்டும். வற்றுக்காலத்தில் எலும்பு கொஞ்சம் தேறிக்கொள்ளும் வாய்ப்பும் இந்த ஆட்டுக்கு இல்லை. ஆட்டுக்கென்று தயாரித்த தாது உப்புக் கலவை எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். தண்ணீரும் அப்படியே. பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீர். தொட்டி அழுக்காக இருந்து ஆடு முகம் திருப்பிக்கொண்டால் மறுநாளே பாத்திரத்தில் தெரியும்.

‘காலி ஆடுதானே’ என்று கருப்பையை மறந்துவிடுவது

சினைக்கு விடாத ஆடு, இனச்சேர்க்கைக் காலத்தில் ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அந்த ஒன்றிரண்டு நாள் கத்தும், வாலாட்டும், தீவனம் குறைக்கும், பாலும் குறையும். குறிப்பேட்டில் அந்தத் தேதியை எழுதிவைப்பவருக்கு இது கவலையே அல்ல. எழுதாதவர் ஒவ்வொரு மாதமும் நோயென்று பதறுவார்.

பருவம் வருவது திடீரென நின்று, பாலும் இறங்கி, வயிறு பெருக்க ஆரம்பித்தால் இரண்டு விஷயங்களைச் சந்தேகிக்கவேண்டும்.

ஒன்று பொய்ச்சினை. குட்டி இல்லாமலே கருப்பைக்குள் நீர் கோத்துக்கொள்ளும். உடல் தான் சினையாக இருப்பதாக நம்பி அதற்கான ஹார்மோனைத் தொடர்ந்து சுரக்கும். வயது ஏறிய ஆடுகளிலும், நெடுநாள் சினைப்படாத ஆடுகளிலும் இது அதிகம் காணப்படும். சில ஆடுகளில் ஒருநாள் நீர் தானாகக் கொட்டி வெளியேறும். சிலவற்றில் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். ஸ்கேன் செய்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். கால்நடை மருத்துவர் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டு நீரை வெளியேற்றுவார். மறுபடி வரக்கூடியது என்பதால் அதன்பிறகும் பருவத் தேதிகளைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

இன்னொன்று, உண்மையிலேயே சினை. இதில் நான் பட்டிருக்கிறேன். இன்னொரு ஆட்டின் கிடாக்குட்டிக்கு நான்கு மாதம்தான் ஆகியிருந்தது; பால்குடி மறக்காத குட்டி என்று பெட்டைகளோடே விட்டிருந்தேன். என் நெடுங்கறவை ஆட்டில் பால் இறங்கியபோது பருவக்காலம் என்று நினைத்து, ஒருநாளும் விடாமல் இழுத்துப் பிடித்துக் கறந்துகொண்டே இருந்தேன். ஒரு விடியற்காலை கொட்டிலில் இரண்டு குட்டிகள். மடியில் சீம்பால் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. வேறொரு ஆட்டிலிருந்து எடுத்து உறையவைத்திருந்த சீம்பால் இருந்ததால் ஒன்று பிழைத்தது. கிடாக்குட்டிகள் மூன்றாம் மாதத்திலேயே சினைப்படுத்தும் திறன் பெற்றுவிடலாம். அதற்கு முன்பே பிரித்துவிடுங்கள். வேலியும் உறுதியாக இருக்கவேண்டும். கம்பி இடைவெளி வழியாகவே சினைப்பட்ட ஆடுகள் உண்டு.

மடிநோயைத் தவறாகக் கணிப்பது

கறவை நாள் கூடக்கூட, ஆட்டுப்பாலில் கலந்துவரும் வெள்ளணு முதலிய செல்களின் எண்ணிக்கை இயல்பாகவே ஏறும். மடிநோய்ச் சோதனைக் கரைசலை ஊற்றினால் கொஞ்சம் கெட்டியாவதைப் பார்த்து, நோய் இல்லாத ஆட்டுக்கே மருந்து ஏற்றுபவர்கள் உண்டு. பசுவுக்கான அளவுகோல் இங்கே பொருந்தாது. இரண்டு பக்கத்தையும் தனித்தனியே சோதித்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரேபோல லேசாகக் கெட்டியானால் அவசரப்படவேண்டாம். ஒரு பக்கம் மட்டும் கெட்டியானால், சூடு, வீக்கம், கட்டி, பாலில் திரி என்று ஏதாவது இருந்தால் பாலை ஆய்வுக்கு அனுப்பிக் கிருமியைக் கண்டறிந்தபின் மருந்து கொடுப்பது நல்லது.

மருந்தைப் பற்றி இன்னொன்று. மற்ற ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து, மடிக்குள் ஏற்றும் மருந்து முதலியவற்றை வற்றுக்காலத்தில் வசதியாகக் கொடுத்துவிடலாம். இந்த ஆட்டுக்கு அப்படி ஒரு காலமே இல்லாததால் ஒன்று தள்ளிப்போட்டுக்கொண்டே போவார்கள், அல்லது மருந்து கொடுத்த மறுநாளே பாலைக் குடிப்பார்கள். இரண்டுமே தவறு. கண்ணின் கீழிமையை விலக்கி நிறம் பாருங்கள்; வெளுத்திருந்தால் இரத்தம் உறிஞ்சும் புழு இருக்கிறது என்று சந்தேகித்துச் சாணத்தைச் சோதியுங்கள். மருந்து தேவைப்பட்டால் கொடுத்து, எத்தனை நாள் பாலைப் பயன்படுத்தக் கூடாது என்று மருத்துவரைக் கேட்டு, அத்தனை நாளும் கறந்து கொட்டிவிடுங்கள். கறக்காமல் விட்டுவிடக் கூடாது.

முடிக்கும் நாளைத் திட்டமிடாதது

ஒரே ஒரு ஆட்டை நம்பி இருப்பவர்கள் கடைசியில் மாட்டிக்கொள்வார்கள். ஆண்டில் சில மாதங்களில் மட்டும் சினைக்கு வரும் இனமாக இருந்து, அந்தக் காலம் தாண்டியபின் பால் நின்றால், அடுத்த பருவம் வரை காத்திருந்து, அதன்பின் 150 நாள் சினையும் முடிந்தால்தான் மறுபடி பால். கிட்டத்தட்ட ஒரு வருடம் பாத்திரம் காலி. இரண்டு ஆடுகள் வைத்து, ஒன்று இந்த வருடம், மற்றது அடுத்த வருடம் என்று மாற்றி மாற்றி ஈனச் செய்தால் இந்தச் சிக்கல் வராது.

மறுபடி கிடாவுக்கு விட முடிவு செய்தால், அதற்கு முன்பே உடலில் ஏறிய கொழுப்பைக் குறைத்துவிடுங்கள். சினையான பிறகு பட்டினி போட்டால் அதுவே சினை நச்சைக் கொண்டுவரும். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பு பாலை வற்ற விடவேண்டும். நீண்டநாள் கறந்த ஆடு பிடிவாதமாகச் சுரந்துகொண்டே இருக்கும். அடர்தீவனத்தைக் குறைத்து, ஒருவேளைக் கறவைக்கு மாற்றி, நாளுக்கு ஒரு லிட்டருக்குக் கீழே இறங்கியதும் அடியோடு நிறுத்திவிடுங்கள். மடி சில நாள் கல்லாக இறுகும், பிறகு உடல் அந்தப் பாலை உறிஞ்சிக்கொள்ளும். பரிதாபப்பட்டு இடையிடையே கொஞ்சம் பீய்ச்சினால் சுரப்பு நிற்காது. சூடு, சிவப்பு, ஒருபக்க வீக்கம் தெரிந்தால் மட்டும் உடனே கறந்து பார்த்து மருத்துவரை அழையுங்கள்.