மெதினெத் ஹாபு: எகிப்துக் கோயில் சுவரைப் படிக்கப் பழகலாம்

எகிப்தின் லக்சோர் நகருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் இருக்கிறது மெதினெத் ஹாபு. கி.மு. 12ஆம் நூற்றாண்டில் எகிப்திய மன்னர் மூன்றாம் ராம்செஸ் கட்டிய கோயில். முதன்முறையாகப் போகிறவர்கள் லக்சோரின் பிரம்மாண்டமான கர்னாக் கோயிலில் திக்குமுக்காடுவதைவிட, இங்கே தொடங்குவது நல்லது என்பேன். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.

படி 1: சிற்பத்தைப் பார்க்காதீர்கள். வாசல் நடுவில் நின்று நேராக உள்ளே பாருங்கள். பைலான் என்னும் இரட்டைக் கோபுரச் சுவர், முற்றம், மறுபடியும் பைலான், முற்றம், பிறகு தூண் மண்டபங்கள், கடைசியில் அமுன் கடவுளின் கருவறை. எல்லாம் ஒரே நேர்கோட்டில். மண்டபத் தூண்களில் இப்போது அடிப்பகுதிதான் மிச்சம். கூரையையும் இருட்டையும் நாமே மனத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

படி 2: வெட்டைக் கவனியுங்கள். வெளிச்சுவர்களில் உருவம் துருத்தி நிற்காது, கல்லுக்குள் குடைந்திருக்கும். சாய்வெயிலில் அந்தப் பள்ளத்தில் விழும் நிழல்தான் கோடு. இந்த மன்னனின் எழுத்துகள் அசாதாரண ஆழம். பின்னால் வருகிறவன் அழித்துவிட்டுத் தன் பெயரை வெட்டிக்கொள்ளக் கூடாதென்று செய்தது என்பார்கள். நீள்வட்ட வளையத்துக்குள் இருப்பது மன்னன் பெயர்.

படி 3: பெரிய ஆளைத் தேடுங்கள். அவர்தான் மன்னர். முதல் பைலானில் எதிரிகளின் முடியைக் கொத்தாகப் பிடித்து அடிக்க ஓங்குகிறார். இதை நடந்த சம்பவம் என்று நம்பிவிடாதீர்கள். அவருக்கு ஈராயிரம் ஆண்டு முன்பே மன்னர்கள் இப்படித்தான் தங்களைச் செதுக்கிக்கொண்டார்கள்.

படி 4: வடக்கு வெளிச்சுவர். பலர் இதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். மன்னரின் ஆட்சியின் 8ஆம் ஆண்டில், கடல்வழி படையெடுத்து வந்த கூட்டங்களான 'கடல் மக்களோடு' நடந்த கப்பல் சண்டை இங்கே இருக்கிறது. முதலில் பார்த்தால் வெறும் நெரிசல். கப்பல் முனையைப் பாருங்கள்: சிங்கத் தலை என்றால் எகிப்தியர், இரு முனையிலும் பறவைத் தலை என்றால் எதிரி. எகிப்தியக் கப்பலில் துடுப்புகள் உண்டு, எதிரியிடம் இல்லை. அடுத்து தலைகள்: இறகு போன்ற தலையணி ஒரு கூட்டம், கொம்பு வைத்த தலைக்கவசம் இன்னொரு கூட்டம். கவிழ்ந்த கப்பல் ஒன்றும் உண்டு, தேடிப் பிடியுங்கள். கரையில் நின்று அம்பு விடும் பெரிய ஆள் யாரென்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 5: இரண்டாம் முற்றத்தின் தெற்குச் சுவர். லிபியப் போர் முடிந்து, வெட்டிய கைகளைக் குவித்து எழுத்தர்கள் எண்ணிக் கணக்கெழுதுகிறார்கள். குழந்தைகளோடு போனால் யோசித்துக் காட்டுங்கள். பிற்காலத்தில் இதே முற்றம் கோப்துகள் எனப்படும் எகிப்தியக் கிறிஸ்தவர்களின் தேவாலயமாக இருந்தது. அப்படியே தாழ்வாரத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள், பழைய வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.