கசிந்த ரகசியக் கோப்பை அச்சிட்டால் தண்டிக்கலாமா? வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 பிப்ரவரி 8 அன்று ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் முதல் பக்கத்தில் என்.ராம் எழுதிய ஒரு செய்தி வந்தது. ரஃபேல் போர் விமானங்களுக்காகப் பாதுகாப்பு அமைச்சகம் பிரான்சுடன் பேசிக்கொண்டிருந்தபோதே பிரதமர் அலுவலகமும் தனியாகப் பேசியது. இதனால் நம் தரப்பின் பேரம் பலவீனமாகிறது என்று அமைச்சக அதிகாரிகள் 2015 நவம்பரில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள். அந்தக் குறிப்புதான் செய்திக்கு அடிப்படை. அடுத்தடுத்து வேறு ஆவணங்களும் வெளிவந்தன. ரஃபேல் கொள்முதலை எதிர்த்து வழக்குப் போட்டிருந்த மனுதாரர்கள் இவற்றை உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். மார்ச் 6-ல் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் கே.கே.வேணுகோபால், இவை அமைச்சகத்திலிருந்து திருடப்பட்டவை என்றும், அரசு ரகசியச் சட்டப்படி நடவடிக்கை எடுப்பது பற்றி அரசு யோசிக்கிறது என்றும் அங்கே சொன்னார்.

அந்த வாரம் எங்கு போனாலும் இதே பேச்சுதான். “திருட்டுப் பொருளை வாங்கினவனும் திருடன்தானே” என்றார்கள் ஒரு பக்கம். “பத்திரிகைக்கு எதையும் போட உரிமை உண்டு” என்றார்கள் மறுபக்கம். இரண்டுமே அவசரத்தில் சொன்னவை. பின்னால் வந்த ஒவ்வொரு கசிவிலும் இதே இரண்டு வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

திருட்டு என்ற உவமையிலிருந்து ஆரம்பிக்கலாம். நகை திருடு போனால் உரிமையாளரிடம் நகை இல்லை. கோப்பின் நகல் வெளியே போனால் அசல் அமைச்சகத்திலேயே இருக்கிறது. ரஃபேல் விஷயத்திலும் இரண்டே நாளில், மனுதாரர்கள் தாக்கல் செய்தவை அசலின் நகல்கள் என்பதைத்தான் தான் குறிப்பிட்டதாக அட்டர்னி ஜெனரல் விளக்கம் கொடுத்தார். இங்கே கேட்க வேண்டியது யாருடைய சொத்து போனது என்பதை அல்ல, அந்த விவரம் வெளியே வந்ததால் யாருக்கு என்ன கெடுதல் நேர்ந்தது என்பதை. உவமையைப் பிடித்துக்கொண்டு போனால் இந்தக் கேள்விக்கு வந்து சேரவே மாட்டோம்.

அதற்காக, பத்திரிகையாளருக்குச் சட்டத்தில் ஆபத்தே இல்லை என்று நினைப்பதும் தவறு. 1923-ம் ஆண்டு அரசு ரகசியச் சட்டத்தின் 3-வது பிரிவு உளவு வேலையைப் பற்றியது. ராணுவ ரகசியம் சம்பந்தப்பட்டால் 14 ஆண்டு வரை சிறை. 5-வது பிரிவு அப்படியல்ல. எதிரி நாட்டுக்கு உதவும் எண்ணமே தேவையில்லை. ரகசிய விவரத்தைக் கொடுத்த அதிகாரி மட்டுமல்ல, சட்டத்தை மீறித்தான் அது தன் கைக்கு வருகிறது என்று தெரிந்தே பெற்றுக்கொண்டவரும் குற்றவாளி ஆகலாம். தண்டனை 3 ஆண்டு வரை. வழக்குப் போடவில்லை என்பதால் வழக்கே போட முடியாது என்று ஆகிவிடாது.

அடுத்தது, நாம் எல்லோரும் செய்கிற தவறு: தாளின் மேலே ‘ரகசியம்’ என்று முத்திரை இருந்தால் உள்ளே இருப்பதும் ரகசியம்தான் என்று நம்பிவிடுவது. எது ரகசியம் என்று இந்தச் சட்டம் எங்கேயும் வரையறுக்கவில்லை. முத்திரை குத்துவது அதிகாரிகள். அது நாட்டைக் காக்கவும் குத்தப்படலாம், ஒரு தவறான முடிவை மறைக்கவும் குத்தப்படலாம். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே சிவப்பு மை.

இதற்கு இஃப்திகார் கிலானியின் வழக்கை விடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. அவர் ‘காஷ்மீர் டைம்ஸ்’ இதழுக்காக டெல்லியில் வேலை பார்த்த பத்திரிகையாளர். 2002 ஜூனில் அவரது வீட்டில் சோதனை போட்டு, கணினியில் இருந்த ஒரு ஆவணத்துக்காக அரசு ரகசியச் சட்டத்தில் கைது செய்தார்கள். ஜம்மு காஷ்மீரில் உள்ள இந்தியப் படைகள் பற்றிய விவரம் அதில் இருந்தது. அது எங்கிருந்து வந்தது? பாகிஸ்தானில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட கட்டுரை அது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ‘எதிரி’ நாட்டில் அச்சாகி வந்த ஒரு விவரம் இந்தியாவில் ஒருவரின் கணினியில் இருந்தால் எப்படி ரகசியம் ஆகும்? இந்தச் சாதாரணக் கேள்விக்குப் பதில் வரும்வரை அவர் திகார் சிறையில் இருந்தார். இந்த ஆவணம் ஆபத்தானது என்று முதலில் கருத்துச் சொன்ன ராணுவ உளவுத் துறை, பிறகு அதை மாற்றிக்கொண்டது. 2003 ஜனவரியில் அரசே வழக்கைத் திரும்பப் பெற்றது. ஏழு மாதங்கள் போய்விட்டன. முத்திரையை அப்படியே நம்பச் சொல்கிறவர்களிடம் நான் எப்போதும் இந்த ஏழு மாதங்களைத்தான் நினைவுபடுத்துகிறேன்.

இன்னொரு தவறு கொஞ்சம் நுட்பமானது. படித்தவர்களும் இதில் வழுக்குகிறார்கள். அச்சாவதற்கு முன் தடுப்பது ஒன்று, அச்சான பிறகு தண்டிப்பது வேறொன்று. 1971 ஜூன் 13-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ வியட்நாம் போர் பற்றி அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் தயாரித்த ரகசிய ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. நிக்சன் அரசு தடை கேட்டது. ஜூன் 30-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் தடையை மறுத்தது. இதை வைத்து, “ரகசிய ஆவணத்தை வெளியிடலாம் என்று அமெரிக்காவில் தீர்ப்பே இருக்கிறது” என்கிறார்கள். தீர்ப்பு சொன்னது அவ்வளவு தூரம் போகவில்லை. முன்கூட்டியே தடை போடுவதற்கான பாரமான காரணத்தை அரசு காட்டவில்லை, அவ்வளவுதான். தடையை மறுத்தவர்களில் ஒருவரான நீதிபதி வைட், வெளியான பிறகு குற்ற வழக்குத் தொடரும் வாய்ப்பு திறந்தே இருக்கிறது என்று தனியாக எழுதினார். பத்திரிகை மீது கடைசிவரை குற்ற வழக்கு வரவில்லை. ஆவணங்களைக் கொடுத்த டேனியல் எல்ஸ்பெர்க் மீது வந்தது. 1973 மே மாதம் அது தள்ளுபடியானது. காரணம், அரசுத் தரப்பின் முறைகேடுகள். அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தையே பூட்டுடைத்துப் புகுந்திருந்தார்கள். வெளியிட்டது சரியா என்ற கேள்விக்கு அந்த வழக்கிலும் பதில் கிடைக்கவில்லை.

கசிந்த ஆவணங்களைப் பார்க்கலாமா என்பது பற்றி ரஃபேல் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரல் 10-ல் சொன்னதையும் இப்படித்தான் அளந்து படிக்க வேண்டும். ரகசியம் என்று குறிக்கப்பட்ட ஆவணம் வெளியாவதைத் தடுக்கவோ, நீதிமன்றத்தில் வைக்கப்படுவதைத் தடுக்கவோ அரசுக்கு அதிகாரம் தரும் பிரிவு எதுவும் இந்தச் சட்டத்தில் இல்லை என்றது. அது பெரிய வெற்றி, சந்தேகமே இல்லை. ஆனால் 5-வது பிரிவு செல்லாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அப்புறம், ஆவணங்களைப் பார்க்கச் சம்மதித்த அதே அமர்வு நவம்பர் 14-ல், முந்தைய தீர்ப்பை மறுபடி பார்க்கக் கோரிய ரஃபேல் சீராய்வு மனுக்களைத் தள்ளுபடி செய்தது. உடனே, “ஊழல் நிரூபணமாகவில்லை, அப்படியானால் வெளியிட்டது குற்றம்” என்று ஒரு வாதம் கிளம்பியது. இதுவும் தவறு. அச்சிடும் நாளில் மக்களுக்குத் தெரிய வேண்டிய விஷயமா என்பதைத்தான் பத்திரிகை எடைபோட முடியும். ஒன்பது மாதம் கழித்து வரப்போகும் தீர்ப்பை வைத்து எடைபோட முடியாது.

சரி, வெளியிடுகிறவரின் பொறுப்பு? அதைப் பேசாமல் விடுவது பத்திரிகைச் சுதந்திரத்தை ஆதரிக்கும் என்னைப் போன்றவர்கள் செய்கிற தவறு. அந்த பிப்ரவரி 8-ம் தேதி அச்சான குறிப்பின் படத்தில், அன்றைய அமைச்சர் மனோகர் பாரிக்கர் கைப்பட எழுதிய பதில் இல்லை. அதிகாரிகளின் ஆட்சேபம் மிகையானது போலத் தெரிகிறது என்று அவர் எழுதியிருந்தார். அன்றே அந்தப் பகுதி வேறு வழியாக வெளியானது. சர்ச்சை முழுக்க அதன் பக்கம் திரும்பியது. ஒரு கோப்பை வெளியிட்டால் அதற்கு வந்த பதிலையும் சேர்த்து வாசகருக்குத் தர வேண்டும். கைக்கு வராவிட்டால் வரவில்லை என்று சொல்லியாவது அச்சிட வேண்டும்.

கசிந்த ஆவணங்களை இணையத்தில் வெளியிடும் விக்கிலீக்ஸ் இன்னொரு பாடம். 2011 மார்ச்சில் ‘தி இந்து’ அதனிடமிருந்து பெற்ற அமெரிக்கத் தூதரகக் கேபிள்களை, அதாவது தூதரகங்கள் தம் அரசுக்கு அனுப்பும் தகவல் குறிப்புகளை, தேர்ந்தெடுத்து, படித்து, சூழலோடு வெளியிட்டது. திருமங்கலம் இடைத்தேர்தலில் பணம் எப்படி விநியோகமானது என்று அமெரிக்க அதிகாரிகள் எழுதி அனுப்பியதை நாம் படித்தது அப்போதுதான். அதே ஆண்டு செப்டம்பரில் விக்கிலீக்ஸ் இரண்டரை லட்சம் கேபிள்களையும் பெயர்களை மறைக்காமல் மொத்தமாகக் கொட்டியது. அதுவரை கூட இருந்த ‘கார்டியன்’, ‘நியூயார்க் டைம்ஸ்’ உள்ளிட்ட பத்திரிகைகளே அதைக் கண்டித்தன. தகவல் சொன்ன சாதாரண மனிதர்களின் பெயர்களும் அதில் இருந்தன. இந்த இரண்டு வேலைகளையும் ஒரே சொல்லில் ‘வெளியீடு’ என்று அடக்கிவிட்டுத் தண்டிக்கலாமா, கூடாதா என்று கேட்டால் எந்தப் பதிலும் அநியாயமாகத்தான் முடியும்.

கொடுத்த அதிகாரியையும் அச்சிட்டவரையும் ஒரே தட்டில் வைப்பதும் அப்படித்தான். அதிகாரி ரகசியம் காப்பதாக ஒப்புக்கொண்டு சம்பளம் வாங்குகிறார். பத்திரிகையாளர் யாருக்கும் அந்த வாக்குறுதியைத் தரவில்லை. அதிகாரி மீது துறை நடவடிக்கை எடுப்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் முறைகேட்டைக் கண்ட அதிகாரி உள்ளேயே புகார் செய்யப் பாதுகாப்பான வழி வேண்டும். அதற்கென்று 2014-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நடைமுறைக்கே கொண்டுவரப்படவில்லை. வாசலைப் பூட்டிவிட்டு ஜன்னல் வழியாக ஏன் போனாய் என்று கேட்பது நியாயமில்லை.

வெள்ளைக்காரன் போட்ட சட்டம், தூக்கி எறிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இன்னொரு சுலபமான முடிவு. படை நகர்வு, சங்கேதக் குறியீடு, அணு ஆயுத விவரம் ஆகியவற்றை விற்பவரைத் தண்டிக்க எந்த நாட்டுக்கும் ஒரு சட்டம் தேவை. இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2006-ல் சொன்ன யோசனை நடைமுறைக்கு உகந்தது: 1923 சட்டத்தை நீக்குங்கள், உண்மையான பாதுகாப்பு ரகசியங்களுக்கான பிரிவுகளைத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் சேருங்கள். அது அறிக்கையாகவே கிடக்கிறது.

தண்டனை என்ற பேச்சு வந்தால் நான் கேட்பது இதைத்தான். குறிப்பிட்ட இந்தப் பக்கத்தால் என்ன கெடுதல் என்று அரசு நிரூபிக்கட்டும். பொதுநலனுக்காகத்தான் வெளியிட்டேன் என்று குற்றம் சாட்டப்பட்டவர் நீதிபதி முன் வாதிட வழி இருக்கட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவில், ரகசியச் சட்டம் இருந்தாலும் பொதுநலன் பெரிது என்றால் விவரத்தைத் தரலாம் என்று எழுதியிருக்கிறது. அந்த எடைபோடும் உரிமை அங்கே அதிகாரிக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ரகசியச் சட்டத்தின் 5-வது பிரிவில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்காக அப்படி ஒரு வரி இல்லை.