குழந்தைக்காக காத்திருக்கற ஜோடிய வச்சு லவ் ஸ்டோரி எழுதறது எப்படி

கல்யாணம் ஆகி நாலஞ்சு வருஷம், இன்னும் குழந்தை இல்ல, ஆனா ரெண்டு பேருக்கும் ஒருத்தர் மேல ஒருத்தருக்கு உசுரு. இத வச்சு ஒரு தொடர்கதை எழுதணும்னு நிறைய பேருக்கு ஆசை இருக்கு, படிக்கவும் ஆள் ஜாஸ்தி. ஆனா வர்றதுல பாதிக்கு மேல ஒரே ரூட்டு தான்: மாமியார் குத்திப் பேசுவாங்க, ஹீரோயின் பாத்ரூம்ல தண்ணிய திறந்து விட்டு அழுவா, ரெண்டாம் கல்யாணப் பேச்சு வரும், கடைசி எபிக்கு (எபிசோடுக்கு) முந்தின எபில ஹீரோயின் மயங்கி விழுவா, ஒரு பாட்டி நாடி புடிச்சு பார்த்துட்டு சிரிப்பாங்க, எபிலாக்ல ட்வின்ஸ் ஓடி விளையாடும். உலக சுகாதார நிறுவனம் 2023ல விட்ட அறிக்கைப்படி உலகத்துல ஏறக்குறைய ஆறு பேர்ல ஒருத்தருக்கு வாழ்க்கைல எப்பவாவது இந்த பிரச்சனை வருது, அப்போ நம்ம கதைய ராத்திரி பதினோரு மணிக்கு போன்ல படிக்கறவங்கள்ல எத்தனை பேர் அன்னிக்கு காலைல தான் ஆஸ்பத்திரி போய்ட்டு வந்திருப்பாங்கன்னு யோசிச்சு பாருங்க. அவங்களுக்கு அந்த மயக்க சீன் என்ன சொல்லுதுன்னா, நீ பொறுமையா இருந்து நல்லவளா இருந்தா கிடைக்கும், உனக்கு இன்னும் கிடைக்கலன்னா உன்கிட்ட தான் ஏதோ குறைன்னு. இத எழுதாம நல்ல காதல் கதை எழுத முடியும், அது எப்படின்னு தான் சொல்லப்போறேன்.

முதல் வேலை, கதையோட கேள்விய ஒரு வரில எழுதி வச்சுக்கங்க. "குழந்தை பிறக்குமா பிறக்காதா"ங்கறது ஆஸ்பத்திரி ஃபைலோட கேள்வி. காதல் கதைக்கு வேற கேள்வி வேணும். இப்போ ஒரு உதாரணம் எடுத்துக்கறேன், கடைசி வரைக்கும் இவங்களயே வச்சு பேசலாம். கோயமுத்தூர் பக்கம் இரும்ப உருக்கி வார்க்கற சின்ன பவுண்டரி வச்சிருக்கற பிரபு, கூட்டுறவு பேங்க்ல வேலை பாக்கற தாரணி. இவங்க கதையோட கேள்வி: எல்லாத்தையும் தானே சுமந்து பழகின பிரபு, முதல் தடவையா ஒரு பாரத்த பொண்டாட்டிகிட்ட இறக்கி வைப்பானா? இது குழந்தை வந்தாலும் வராட்டியும் நிக்கற கேள்வி. உங்க கதைல இருந்து குழந்தை விஷயத்த உருவிட்டா ஒண்ணுமே மிஞ்சலன்னா அங்க லவ் ஸ்டோரி இன்னும் உருவாகல, போய் அந்த ரெண்டு பேர பத்தி இன்னும் கொஞ்சம் யோசிச்சுட்டு வாங்க.

அடுத்தது பிரச்சனை யாருக்குங்கறது. நம்ம கதைங்கள்ல பத்துக்கு ஒம்போது ஹீரோயினுக்கு தான், அதுவும் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இல்லன்னா கருக்குழாய் அடைப்பு. நிஜத்துல குழந்தை தள்ளிப்போற ஜோடிங்கள்ல ஏறக்குறைய பாதி பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கு. பிரபு உலை சூட்டுல வருஷக்கணக்கா நிக்கறவன், சூடு விந்தணு உற்பத்திய பாதிக்கும், அதனால அவன் கவுண்ட் கம்மியா வந்துச்சுன்னா கதைக்குள்ளயே காரணம் இருக்கு. ஒரு ரிப்போர்ட்ட மட்டும் வச்சு டாக்டர் முடிவு சொல்ல மாட்டாங்க, விந்தணு உருவாக ஏறக்குறைய ரெண்டரை மாசம் ஆகும், அதனால மருந்து குடுத்தா மூணு மாசம் போல கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுக்க சொல்லுவாங்க. எழுதறவங்களுக்கு இது பெரிய கிஃப்ட், ஏன்னா அந்த மூணு மாசம் ஒரு மனுஷன் தன் உடம்ப பத்தி என்ன நினைக்கறான், பட்டறைல ஆளுங்ககிட்ட ஏன் எரிஞ்சு விழறான், பொண்டாட்டி தொட்டா ஏன் நகர்றான், இதெல்லாம் எழுதலாம். கவுண்ட் ஜீரோன்னு வந்தா கூட சில பேருக்கு ஊசி வச்சு உள்ள இருந்தே விந்தணுவ எடுத்து, அத முட்டைக்குள்ள நேரா செலுத்தற இக்ஸி பண்ற வழி இருக்கு, அதனால ரிப்போர்ட்ட பாத்ததும் "நான் உனக்கு தகுதி இல்ல, விவாகரத்து பண்ணிக்கலாம்"னு ஹீரோ லெட்டர் எழுதி வச்சுட்டு போற சீன் வேண்டாமே.

இன்னொண்ண கண்டிப்பா சொல்லணும். ஹீரோவுக்கு தன்கிட்ட தான் குறைன்னு தெரியும், ஆனா மறைச்சுடுவான், ஊரே அவள பேசும், கடைசில உண்மை தெரிஞ்சதும் அவ "என் மேல இவ்வளவு பாசமா"ன்னு உருகுவா. இப்படி ஒரு பிளாட் திரும்ப திரும்ப வருது. அவ அத்தனை வருஷம் தேவையில்லாம ஸ்கேனும், கருக்குழாய்ல டை (சாயம்) விட்டு பாக்கற டெஸ்ட்டும், ஊசியும் வாங்கியிருக்கா, அது அவ உடம்புக்கு செஞ்ச துரோகம். எழுதுங்க, ஆனா துரோகமாவே எழுதுங்க, அவ கோவத்துக்கு நாலு எபியாவது குடுங்க, அவன் அந்த மன்னிப்ப சம்பாதிக்கட்டும்.

ரெண்டு பேருக்குமே எல்லா டெஸ்ட்டும் நார்மல், ஆனா தங்கலன்னு ஒரு வகை இருக்கு, காரணம் தெரியாத குழந்தையின்மைன்னு டாக்டருங்க சொல்றது. எனக்கு கேட்டா காதல் கதைக்கு இது தான் ரொம்ப நல்ல களம். பழி போட ஆளே இல்லாத இடத்துல மனுஷங்க எதன் மேல பழி போடுவாங்கன்னு பாக்கலாம், ஜாதகம், வேலை, கல்யாணத்துக்கு முன்னாடி நடந்த ஒரு சண்டை, எல்லாம் வெளிய வரும்.

இப்போ காலண்டர். இங்க தான் நிறைய கதை கோட்டை விடுது, "ட்ரீட்மென்ட் ஆரம்பிச்சாங்க"ன்னு ஒரு வரில தாண்டிடறாங்க. ட்ரீட்மென்ட்டோட நாள் கணக்கே உங்களுக்கு எபி பிரிச்சு குடுத்துடும். ஐவிஎஃப்னா, அதாவது முட்டையயும் விந்தணுவயும் லேப்ல சேர்த்து கரு உருவாக்கறதுன்னா, மாதவிடாய் வந்த ரெண்டாவது மூணாவது நாள் ஸ்கேன்ல ஆரம்பிக்கும், அப்புறம் பத்து நாள் போல தினமும் வயித்துல ஊசி, நடுவுல ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாதிரி ஸ்கேன் பண்ணி கருமுட்டை இருக்கற பை எத்தனை எம்எம் வளர்ந்திருக்குன்னு பாப்பாங்க, அப்புறம் கரெக்டா சொன்ன மணிக்கு முட்டைய முதிர வைக்கற ட்ரிக்கர் ஊசி, அதுல இருந்து 34 டு 36 மணி நேரத்துக்குள்ள மயக்கம் குடுத்து முட்டை எடுக்கறது. ராத்திரி பத்தரைக்கு ஊசின்னா நடுவுல ஒரு நாள் விட்டு காலைல பத்தரை வாக்குல தியேட்டர்ல இருப்பா. அதே காலைல பிரபுவ விந்து சாம்பிள் எடுக்க ஒரு சின்ன ரூமுக்குள்ள கையில டப்பாவோட அனுப்புவாங்க, வெளிய நர்ஸ் அடுத்தவர் பேர கூப்பிட்டுட்டு இருப்பாங்க, அந்த ரூம்ல அவன் என்ன நினைக்கறான்னு நம்ம நாவல்கள்ல யாராச்சும் எழுதியிருக்காங்களா? கேவலப்படுத்தாம, கிளுகிளுப்பும் பண்ணாம, பயத்தோட வெக்கத்தோட எழுதுங்க, வாசகிங்க அந்த எபிய மறக்க மாட்டாங்க.

ஊசி சீன தான் நான் ரொமான்ஸ் சீன்னு சொல்லுவேன், ரோஜாப்பூ எல்லாம் வேண்டாம். இப்படி:

"மாமா, மணி பத்தரை ஆகப்போவுது."

"தெரியுது புள்ள. கை நடுங்குது."

"பட்டறைல கொதிக்கற இரும்ப ஊத்தறப்ப நடுங்காத கையா?"

"அது இரும்பு."

இதுக்கு கீழ "அவன் கண்களில் காதல் வழிந்தது"ன்னு எழுத வேண்டாம், வழிஞ்சது எல்லாருக்கும் தெரிஞ்சுடுச்சு.

இன்னொரு பக்கமும் இருக்கு. டாக்டர் குறிச்சு குடுத்த நாள்ல தான் சேரணும்னு ஆகும்போது படுக்கை ஒரு டூட்டி மாதிரி ஆயிடும், ஆசையே செத்துப்போகும், ரெண்டு பேரும் அத வெளிய சொல்லிக்கவே மாட்டாங்க. காதல் கதை எழுதறவங்க இத விட்டா வேற எத எழுதறது? அந்த மாசம் ட்ரீட்மென்ட்டுக்கு லீவு விட்டு, காலண்டர்ல எந்த வட்டமும் இல்லாத ஒரு ராத்திரில அவங்க மறுபடி சிரிச்சுக்கற எபி எழுதுங்க. ரொம்ப தேவைப்படற எபி அது.

கரு உருவானதும் மூணாம் நாளோ அஞ்சாம் நாளோ உள்ள வைப்பாங்க, சில சமயம் ஃப்ரீஸ் பண்ணி அடுத்த மாசங்கள்ல வைப்பாங்க. வைக்கறதுக்கு பொதுவா மயக்க ஊசி கிடையாது, யூரின் முட்ட முட்ட தண்ணி குடிச்சுட்டு போகணும், அதனால "கண் விழித்தபோது கரு அவளுக்குள் இருந்தது"ன்னு எழுதாதீங்க. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் வெயிட்டிங், கர்ப்பம் தங்கியிருக்கான்னு பாக்கற பீட்டா எச்சிஜி ரத்த டெஸ்ட் வரைக்கும். அந்த ரெண்டு வாரம் குடுக்கற புரோஜெஸ்ட்ரான் மாத்திரையாலயே மார்பு கனக்கும், வயிறு உப்பும், தூக்கம் வரும், எல்லாமே கர்ப்பம் மாதிரியே இருக்கும், அதனால நம்பவும் முடியாது நம்பாம இருக்கவும் முடியாது. தாரணி பேங்க்ல நகைக்கடன் பாரம் எழுதிட்டே அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தன் உடம்ப கவனிச்சுட்டு இருப்பா. வேற ஒண்ணும் நடக்க வேண்டாம், இந்த ரெண்டு வாரத்துக்கே மூணு எபி தாங்கும்.

காசையும் எழுதுங்க. பிரைவேட்ல ஐவிஎஃப் லட்சக்கணக்குல போகும், நடுத்தர வர்க்கத்துல யாரோ ஒருத்தர் நகை அடகுக்கு போகும், யாரோடதுன்னு முடிவு பண்ணாலே ரெண்டு குடும்பத்தோட குணமும் தெரிஞ்சுடும். கோடீஸ்வர ஹீரோ வச்சா இது எல்லாமே காணாம போயிடும், அதனால தான் எனக்கு சின்ன பவுண்டரி.

சொந்தக்காரங்கள வில்லி ஆக்கறது ஈஸி. ஆனா பாசமா இருக்கறவங்க சொல்றது தான் ஆழமா இறங்கும். "கண்ணு, இந்த மாசம் தலைக்கு ஊத்திக்கிட்டயா"ன்னு காபி டம்ளர குடுத்துட்டே கேக்கற அத்தை, "விசேஷம் ஏதும் உண்டா"ன்னு கல்யாண பந்தில கேக்கற பெரியம்மா, தங்கச்சி வளைகாப்புல முதல் வளையல் போட எழுந்திருக்கும்போது "நீ அப்புறம் போடு சாமி"ன்னு மெதுவா தோள அமுக்கி உக்கார வைக்கற சொந்த அம்மா. அந்த அம்மா கெட்டவங்க இல்ல, ஊரு பேசுமேன்னு பயந்தவங்க, அப்படி எழுதினா தான் தாரணிக்கு யார் மேல கோவப்படறதுன்னே தெரியாது. கோயில் விஷயமும் இதே தான். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயில் நெய்ய ராத்திரில சாப்பிட்டுட்டு காலைல ஸ்கேனுக்கு போற ஜோடிங்க தான் நிஜம், வேளாங்கண்ணில தொட்டில் கட்டிட்டு வந்து, கருமுட்டை இருப்பு எவ்வளவுன்னு காட்டற ஏஎம்எச் ரிப்போர்ட் வாங்கறவங்க தான் நிஜம். பக்திய கிண்டலும் பண்ண வேண்டாம், நெய்யால தான் நடந்துச்சுன்னு டாக்டர வில்லனாக்கவும் வேண்டாம். மாமியார் நெய் டப்பாவ பையில வச்சு நாலு பஸ் மாறி கொண்டு வந்தாங்கன்னா அதுல இருக்கற அன்ப எழுதுங்க.

சட்டம் தெரியாம எழுதற பிளாட்டுங்க ஜாஸ்தி ஆயிடுச்சு, அதையும் பாத்துடலாம். கடன் அடைக்க ஏழை கல்யாணமாகாத பொண்ணு காசுக்கு வாடகைத்தாயா வர்றா, பணக்கார ஹீரோவுக்கும் அவளுக்கும் காதல், இப்படி ஒரு கூட்டமே கதை இருக்கு. 2021 வாடகைத்தாய் சட்டம் 2022 ஜனவரில அமலுக்கு வந்துச்சு, இந்தியால காசுக்கு வாடகைத்தாய் ஏற்பாடே கிடையாது, வர்றவங்க கல்யாணம் ஆகி சொந்தக் குழந்தை இருக்கற, 25 வயசுல இருந்து 35க்குள்ள இருக்கற பெண்ணா இருக்கணும், வாழ்க்கைல ஒரு தடவை தான், அவங்க கருமுட்டைய குடுக்கவும் கூடாது. இப்போ நடக்கற கதைன்னா அந்த பிளாட் சட்டவிரோதம், அப்படியே எழுதினா ஹீரோ குற்றவாளி. டோனர் விந்தணு, கருமுட்டைக்கும் அதே 2021ல தனி சட்டம் வந்துருச்சு, எழுத்துல சம்மதம் வேணும், பொறக்கற குழந்தை சட்டப்படி அந்த ஜோடியோட குழந்தை தான், டோனருக்கு உரிமை எதுவும் கிடையாது, அதனால பத்து வருஷம் கழிச்சு டோனர் வந்து குழந்தைய கேக்கற கோர்ட் சீன் நிக்காது. ஸ்கேன்ல "ஒண்ணு பையன், ஒண்ணு பொண்ணு"ன்னு டாக்டர் சொல்ற சீனும் வேண்டாம், 1994 சட்டப்படி சொல்லக்கூடாது. குழந்தை இல்லங்கறது விவாகரத்துக்கு காரணமாவும் இந்து திருமணச் சட்டத்துல இல்ல.

தத்தெடுப்பு கடைசி எபில ஆறுதல் பரிசா வர்றது எனக்கு சுத்தமா புடிக்கல. ஆசிரமத்துக்கு போனாங்க, ஒரு பாப்பா சேலைய புடிச்சு இழுத்துச்சு, தூக்கிட்டு வந்துட்டாங்கன்னு நடக்காது. தத்தெடுப்ப கவனிக்கற மத்திய அரசு அமைப்பான காரா மூலமா ஆன்லைன்ல பதியணும், ஜோடின்னா கல்யாணம் ஆகி ரெண்டு வருஷமாவது ஆகியிருக்கணும், வீட்டுக்கு வந்து விசாரிச்சு ரிப்போர்ட் எழுதுவாங்க, கைக்குழந்தைக்கு வருஷக்கணக்கா வரிசைல நிக்கணும், கடைசில கலெக்டர் ஆர்டர். அது தனியா ஒரு முழு நாவலுக்கான காத்திருப்பு. தாரணிக்கு அதுல ஆசை இருக்குன்னா பத்தாவது எபிலயே பேச ஆரம்பிக்கட்டும், பிரபு தயங்கட்டும், ஏன் தயங்கறான்னு அவன் வாயாலயே வரட்டும்.

கரு கலையறத எழுதறீங்கன்னா பிளாட் திருப்பத்துக்காக எழுதாதீங்க. அடுத்த எபில வேலைக்கு போய்ட்டா, அடுத்த மாசம் மறுபடி கன்சீவ்னு வேகமா ஓடாதீங்க. அவளுக்கு மட்டும் இல்ல அவனுக்கும் இழப்பு தான், ஆனா யாரும் அவன்கிட்ட வந்து கேக்க மாட்டாங்க, அந்த இடத்துல கேக்கற ஒரே ஆள் தாரணியா இருக்கட்டும்.

முடிவு எப்படி வைக்கறதுன்னு தான் எல்லாரும் கேப்பாங்க. நான் சொல்றது ஒரு சின்ன ஆர்டர் மாத்தற வேலை: காதல் கதையோட கிளைமாக்ஸ் ரிசல்ட்டுக்கு முன்னாடியே நடந்துடணும். பிரபு பாரத்த இறக்கி வைக்கற சீன், ரெண்டு பேரும் "இதோட நிறுத்திக்கலாமா, இன்னொரு தடவை பாக்கலாமா"ன்னு நிஜமா பேசிக்கற சீன், பீட்டா டெஸ்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரியே முடிஞ்சிருக்கணும். அப்புறம் ரிசல்ட் பாசிட்டிவா வந்தா அது சந்தோஷம், நெகட்டிவா வந்தா துக்கம், ரெண்டுலயும் அவங்க ஜெயிச்ச ஜோடி தான். நெகட்டிவ்ல முடிக்கறீங்கன்னா எபிலாக்ல ரெண்டு பேருக்கும் ஒரு முழு வாழ்க்கை குடுங்க, அவ பிரமோஷன், அவன் புது உலை, ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் பைக்ல எங்கயோ போறது, பரிதாபமா முடிக்காதீங்க.

போஸ்ட் பண்ணும்போது முதல் எபிலயே, டீசர்லயே, இதுல ட்ரீட்மென்ட் வரும், கருக்கலைவு வரும்னு ஒரு வரி போட்டுடுங்க, தயாரா இல்லாதவங்க தாண்டி போகட்டும். மருந்து பேரு, டோஸ் எழுத வேண்டாம், கமெண்ட்ல வந்து எங்களுக்கும் இது சரியா வருமான்னு கேக்கறவங்க இருப்பாங்க, அவங்கள அவங்க டாக்டர்கிட்டயே கேக்க சொல்லுங்க, ஆனா பதில் போடாம விடாதீங்க. ரிசல்ட் வர்ற எபிய மட்டும் சஸ்பென்ஸ்ல நிறுத்தி அடுத்த வாரம் யூடி (அப்டேட்) வரும்னு போடாதீங்க, அதையும் அதுக்கு அடுத்த எபியயும் சேர்த்து ஒரே நாள்ல குடுத்துடுங்க.