ஸ்பெக்ட்ரமில் நிறங்கள் ஏன் மோதுகின்றன? நான்கு கட்டளைகளில் பார்ப்போம்

பழைய வீட்டுக் கணினி விளையாட்டுகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிக் கொண்டுபோனார்கள் என்று புரிய வேண்டுமானால், 1982-ல் பிரிட்டனில் வெளிவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமிலிருந்து தொடங்குங்கள். அதில் ஸ்ப்ரைட் (பின்னணிக்கு மேல் தனியாக நகரும் சிறு படம்) வசதி கிடையாது. திரையில் நடப்பதெல்லாம் மெமரியில் அப்படியே தெரியும்.

படி 1: ஸ்பெக்ட்ரமைப் போலவே இன்றைய கணினியில் நடிக்கும் ஃப்யூஸ் எமுலேட்டரை நிறுவி, 48கே (48 கிலோபைட் மெமரி) ஸ்பெக்ட்ரமைத் தேர்ந்தெடுங்கள். இதில் கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டாம். கியூ விசையை அழுத்தினால் 'பிளாட்' (புள்ளி வை) முழுதாக வரும். டபிள்யூ 'டிரா' (கோடு வரை), ஓ 'போக்' (மெமரியின் ஓர் இடத்தில் ஓர் எண்ணை எழுது). கன்ட்ரோலுடன் 'N' விசை சேர்ந்தால் காற்புள்ளி, 'J' விசை சேர்ந்தால் கழித்தல் குறி.

படி 2: ஒவ்வொரு வரிக்கும் பிறகு என்டர் தட்டுங்கள்.

பிளாட் 0,175
டிரா 255,-175

இடது மேல் மூலையிலிருந்து ஒரு கறுப்புக் கோடு இறங்கும்.

படி 3: போக் 22528,22

மூலையில் ஒரு சின்னச் சதுரம் மட்டும் சிவப்பாகி, அதற்குள் கோடு மஞ்சளாகும். 22528 என்பது அந்தச் சதுரத்தின் நிறம் இருக்கும் மெமரி இடம். 22 எப்படி வந்தது? பின்னணி சிவப்பின் எண் 2, அதை எட்டால் பெருக்க 16. கோட்டுக்கு மஞ்சள் 6.

படி 4: பிளாட் 0,170

வைத்தது ஒரே ஒரு புள்ளி. ஆனால் சிவப்பு அப்படியே இருக்க, கோட்டின் மஞ்சள் போச்சு, அந்தச் சதுரத்துக்குள் கோடு முழுதும் கறுப்பாச்சு! 8-க்கு 8 பிக்சல் கட்டம் ஒவ்வொன்றுக்கும் இரண்டே நிறம்தான்: பின்னணிக்கு ஒன்று, கோட்டுக்கு ஒன்று. கடைசியாக வரைந்தவரின் நிறமே நிற்கும். இதைத்தான் நிற மோதல் என்கிறார்கள்.

இதைக் குறையாக மட்டும் பார்ப்பது சரியில்லை. 256-க்கு 192 புள்ளிகளுக்கு 6144 பைட், நிறத்துக்குத் தனியாக 768 பைட், மொத்தம் 6912. புள்ளிக்குப் புள்ளி 16 நிறம் கொடுத்தால் 24,576 பைட் வேண்டும். ஸ்பெக்ட்ரமின் மலிவான மாடலில் இருந்த மொத்த மெமரியே 16கே! நைட் லோர் (1984) விளையாட்டில் ஒவ்வோர் அறையையும் ஒரே நிறத்தில் வரைந்து மோதலையே தவிர்த்தார்கள். எனக்கு மிகப் பிடித்த தீர்வு அது.

படி 5: இப்போது இதே படத்தை வேறு கணினிக்கு மாற்றுவதாக நினைத்துப் பாருங்கள். ஆம்ஸ்ட்ராட் சிபிசியிலும் அதே இசட்80 பிராசசர் என்பதால் நிரலைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துப் போகலாம். ஆனால் அதன் நான்கு நிற மோடில் இதே பரப்புக்கு 12,288 பைட் ஆகும். ஒவ்வொரு அசைவுக்கும் இரண்டு மடங்கு பைட்டை நகர்த்தியாக வேண்டும். அவசரமாக மாற்றிய விளையாட்டுகள் அங்கே இழுத்து இழுத்து ஓடியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கமடோர் 64 கதை வேறு. பிராசசரே வேறு என்பதால் நிரலைப் புதிதாக எழுத வேண்டும். பதிலுக்கு எட்டு ஹார்ட்வேர் ஸ்ப்ரைட் கிடைக்கும். அவை பின்னணியின் நிறத்தைத் தொடாமல் மேலே நகரும். பல நிற மோடில் பிக்சலின் அகலம் இரட்டிப்பாகிவிடும். எனவே ஸ்பெக்ட்ரமில் 16 புள்ளி அகலத்தில் வரைந்த வீரனை 8 புள்ளிக்குள் அடக்கிப் புதிதாக வரையுங்கள். கட்டத்தாளில் முதலில் கண்ணையும் கையையும் வைத்துவிட்டு, மீதியை அப்புறம் நிரப்புவது எளிது.