முதல் கண்காட்சியில் ஓவிய மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எவ்வளவு தம்பி?" என்று யாராவது கேட்டதும் "நீங்களே பார்த்துக் கொடுங்க சார்" என்று சொல்லும் மாணவர்களை எல்லாக் கண்காட்சியிலும் பார்க்கிறேன். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். விலையை முன்பே எழுதி வையுங்கள். சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று பலரும் வைத்திருக்கும் கணக்கு தொடங்குபவர்களுக்கு நன்றாக உதவும். 24க்கு 36 அங்குலப் படம் என்றால் 864 சதுர அங்குலம், 10 ரூபாய் வீதம் 8,640 ரூபாய், ஃபிரேம் தனி. ஆனால் கேலரிகள் பெரும்பாலும் 30 முதல் 50 சதவீதம் வரை கமிஷன் எடுக்கும். 40 என்று வைத்தால் கைக்கு வருவது 5,184 ரூபாய்தான், அதில் கேன்வாஸ், வண்ணம், வண்டி வாடகை எல்லாம் போக உங்கள் உழைப்புக்கு என்ன மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டு வீதத்தை முடிவு செய்யுங்கள். அப்புறம், கேலரியில் ஒரு விலை, வீட்டுக்கு வந்தால் பாதி விலை என்று விற்காதீர்கள். அடுத்த முறை அந்தக் கேலரி உங்களைக் கூப்பிடாது.

காசு கேட்கக் கூச்சப்படவே வேண்டாம். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்து சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர்கள், மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் பிழைப்பையும் பார்த்துக்கொண்டு படமும் வரைந்தார்கள். நன்றாக வரைகிற பிள்ளையிடம் "எங்க வீட்டு ஹாலுக்கு ஒண்ணு கொடேன்" என்று இலவசமாகக் கேட்கும் பெரியவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன், உதவ நினைத்தால் வாங்குங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வாய்ப்பேச்சில் படத்தைக் கொடுத்துவிட்டு வருவது. தெரிந்த மாணவி ஒருத்தி ஒரு கடையில் ஐந்து படங்களை அப்படி விட்டுவந்தாள், ஆறு மாதம் கழித்துப் போனால் மூன்றுதான் இருந்தன, மற்ற இரண்டும் விற்றதா தொலைந்ததா என்று சொல்ல அங்கே ஆளில்லை. படத்தின் பெயர், அளவு, விலை, கமிஷன், எத்தனை நாளில் பணம், சேதமானால் யார் பொறுப்பு, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி நீங்களும் கையெழுத்துப் போட்டு அவர்களிடமும் வாங்குங்கள். தாளோடு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு போட்டோவும் இருக்கட்டும்.

படத்தை விற்றதும் காப்புரிமையும் போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். 1957 காப்புரிமைச் சட்டப்படி அது எழுத்தில் கொடுத்தால்தான் கைமாறும், ஆகவே வாங்கியவர் உங்களைக் கேட்காமல் அதைக் காலண்டராக அச்சடிக்க முடியாது. ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்துக்கு விதி வேறு, அங்கே உரிமை பொதுவாக அவருக்குத்தான், அது உங்களுக்கு வேண்டுமென்றால் முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

ஃபிரேமில் மிச்சம் பிடிக்கிறேன் என்று வாட்டர்கலரைக் கண்ணாடியோடு ஒட்டிப் போடாதீர்கள், சென்னை ஈரக்காற்றுக்குப் பூஞ்சை பிடித்துவிடும், படம் கண்ணாடியில் படாமலிருக்க நடுவில் மவுண்ட் என்ற தடித்த அட்டைச் சட்டம் வேண்டும். கேன்வாஸைச் சுருட்டுவதானால் வண்ணப் பக்கம் வெளியே இருக்கட்டும்.

அப்புறம் ஒரு நோட்டு வையுங்கள். வாங்கியவர் மட்டுமல்ல, ஒரு படத்தின் முன்னால் பத்து நிமிடம் நின்றவரின் பெயரும் நம்பரும் அதில் இருக்க வேண்டும், அடுத்த கண்காட்சிக்கு முதல் அழைப்பு அவருக்குத்தான்.