கனடா பைப்லைன், மின்விநியோகப் பங்குகள்: டிவிடெண்டுக்காக வாங்குவோர் சறுக்கும் இடங்கள்

யீல்டு 9 சதவீதத்தைத் தாண்டினால் ஆசைக்கு முன்னால் சந்தேகம் வர வேண்டும். நிறுவனம் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் பணம்தான் டிவிடெண்ட். ஆண்டு டிவிடெண்டைப் பங்கு விலையால் வகுத்து வருவதுதான் யீல்டு. விலை சரிந்தாலே அது ஏறிவிடும். கனடாவின் மின்விநியோக நிறுவனமான அல்கான்குவின் பவர் பங்கில் 2022 நவம்பரில் அதுதான் நடந்தது. விலை விழ விழ யீல்டு 10 சதவீதத்தை நெருங்கியது. வட்டி விறுவிறுவென ஏறிய ஆண்டு அது. மாறும் வட்டிக் கடன் நிறுவனத்தின் கையைக் கடித்தது. 2023 ஜனவரியில் டிவிடெண்டில் 40 சதவீதம் வெட்டு. 2024 ஆகஸ்டில் மறுபடியும் 40 சதவீதம். 100 டாலர் வந்த இடத்தில் இப்போது 36.

வாங்குமுன் ஆண்டறிக்கையில் இரண்டு இடங்களைப் பாருங்கள்: கடனில் எவ்வளவு மாறும் வட்டியில் இருக்கிறது, அடுத்த மூன்று ஆண்டுகளில் எவ்வளவு முதிர்ந்து திருப்பிக் கட்ட வேண்டி வருகிறது. கனடா நிறுவனங்களின் அறிக்கைகள் பதிவாகும் செடார் பிளஸ் (SEDAR+) தளத்தில் அறிக்கை இலவசம்.

அடுத்த சறுக்கல், எல்லா நிறுவனத்தையும் ஒரே அளவுகோலால் அளப்பது. பைப்லைன் நிறுவனமான என்பிரிட்ஜ் 2024-இல் பங்குக்கு 2.34 டாலர் லாபம் காட்டி 3.66 டாலர் டிவிடெண்ட் கொடுத்தது. லாபத்தை மட்டும் பார்த்தால் 156 சதவீதம், பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த லாபத்தில் குழாய்களின் தேய்மானம் கழிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டு கையை விட்டுப் போகாத பணம் அது. பங்கிடத்தக்க ரொக்கம், அதாவது பங்குதாரர்களுக்குத் தரக் கையில் மிஞ்சும் பணம், பங்குக்கு 5.56 டாலர், அதில் டிவிடெண்ட் 66 சதவீதம்தான். நிறுவனம் வைத்துள்ள இலக்கே 60 முதல் 70. மின், எரிவாயு விநியோக நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் என்று அவை ஓயாமல் முதலீடு செய்துகொண்டே இருக்கும். ஃபோர்டிஸ் போன்ற விநியோக நிறுவனங்களுக்கு, டிவிடெண்டைச் சரிசெய்த லாபத்தால் (ஒருமுறை மட்டும் வரும் வரவு செலவுகளை நீக்கிய லாபம்) வகுத்துப் பாருங்கள்.

இன்னொரு பைப்லைன் நிறுவனமான டிசி எனர்ஜியின் காலாண்டு டிவிடெண்ட் 96 சென்டிலிருந்து 82.25 ஆனதைப் பார்த்து வெட்டு என்று நினைத்தவர்கள் உண்டு. 2024 அக்டோபரில் அதன் எண்ணெய்க் குழாய்த் தொழில் சவுத் போ என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தபோது ஐந்து பங்குக்கு ஒரு புதுப் பங்கு கிடைத்தது. மீதித் தொகை அதன் வழியாக வந்தது.

நீண்ட வரலாறு மட்டும் போதாது. கனேடியன் யுட்டிலிட்டீஸ் 1972 முதல் ஆண்டுதோறும் டிவிடெண்டை உயர்த்தி வருகிறது, சரி. ஆனால் 2023 முதல் 2025 வரை உயர்வு ஆண்டுக்கு சுமார் 1 சதவீதம். 2023-இல் கனடாவின் பணவீக்கம் 3.9.

கடைசியாக வரி. சாதாரணக் கணக்கில் கிடைக்கும் டிவிடெண்ட் வரிச் சலுகை ஆர்ஆர்எஸ்பி (RRSP) என்ற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்குக்குள் கிடைக்காது. அங்கிருந்து எடுக்கும் பணம் முழுதும் சம்பளம் போல வரிக்கு உட்படும். 65-ஐத் தாண்டியவர்களுக்குச் சாதாரணக் கணக்கிலும் ஒரு வம்பு இருக்கிறது. 10,000 டாலர் டிவிடெண்ட், வருமானக் கணக்கில் 38 சதவீதம் கூட்டி 13,800 ஆகப் பதிவாகும். வருமான வரம்பைத் தாண்டினால் முதியோர் ஓய்வூதியத்தில் கைவைப்பார்கள். டிஎஃப்எஸ்ஏ (TFSA) என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் இடம் இருந்தால் முதலில் அதை நிரப்புங்கள். அங்கே வரும் டிவிடெண்ட் உங்கள் வருமானத்தோடு சேராது.